மகிழ்ச்சியைத் துரத்திக்கொண்டு தியானத்தில் உட்காராதீர்கள்

யோகா வகுப்பில் சேர வருபவர்களிடம் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டால், முதலில் முதுகுவலி, சுகர், தூக்கமின்மை என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பழகிய பிறகு வேறொன்று வெளியே வரும். "எல்லாம் இருக்கு சார், ஆனா மனசுல சந்தோஷம்னு ஒண்ணு இல்ல." இந்த இரண்டாவது காரணத்தோடு வருபவர்கள்தான் சீக்கிரம் காணாமல் போகிறார்கள். முதுகுவலி குறைந்ததா இல்லையா என்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். சந்தோஷம் வந்ததா என்பதை எதை வைத்துப் பார்ப்பது? தினமும் உட்கார்ந்து எழுந்ததும் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். ஒன்றும் மாறினாற்போல் தெரிவதில்லை. விட்டுவிடுகிறார்கள்.

இந்த எட்டிப் பார்க்கும் பழக்கம்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவைதான், அதனால் இதையே முதலில் பார்த்துவிடலாம்.

வந்ததா, வந்ததா என்று பார்ப்பது

உளவியலாளர் ஐரிஸ் மாஸும் அவருடைய குழுவினரும் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மகிழ்ச்சியாக இருப்பது வாழ்க்கைக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லும் கட்டுரை ஒன்றைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு சந்தோஷமான ஒரு படக்காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கட்டுரையைப் படித்தவர்களுக்கு, படிக்காதவர்களைவிடக் குறைவான மகிழ்ச்சியே கிடைத்தது. 'இந்நேரம் நான் இன்னும் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டுமே' என்ற ஏமாற்றம் இடையில் புகுந்துவிட்டது.

தியானத்திலும் இதேதான் நடக்கிறது. கண்ணை மூடிய சில நிமிடங்களில் உடம்பு தளர்கிறது, மூச்சு மெல்லியதாகிறது, நெஞ்சில் லேசாக ஒரு குளுமை வருகிறது. உடனே உள்ளிருந்து ஒரு குரல், "ஆஹா, வந்துவிட்டது" என்கிறது. அந்தக் குரல் எழுந்ததுமே வந்தது போய்விடும். மறுநாள் அதே குளுமைக்காகக் காத்துக்கொண்டு உட்காருவீர்கள், அது வராது. மூன்றாம் நாள் எரிச்சலோடு உட்காருவீர்கள்.

இதெல்லாம் பழைய ஆசிரியர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. மனம் ஒருமுகப்படும் படிகளை, யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி விதர்க்கம் (பருப்பொருளில் மனம் வைப்பது), விசாரம் (நுண்ணியதில் மனம் வைப்பது), ஆனந்தம், அஸ்மிதை ('நான் இருக்கிறேன்' என்ற உணர்வு மட்டும்) என்று வரிசைப்படுத்துகிறார். ஆனந்தத்துக்குக் கிடைத்தது மூன்றாவது இடம். பௌத்த மரபில் சொல்லப்படும் நான்கு தியான நிலைகளிலும் இதே கதைதான். முதல் இரண்டில் பரவசம் இருக்கும், மூன்றாவதில் அது அடங்கி அமைதியான சுகம் மட்டும் மிஞ்சும், நான்காவதில் அந்தச் சுகமும் விலகிச் சமநிலை நிற்கும். ரமணர் இன்னும் கறாராகச் சொன்னார். மனம் ஒடுங்குவதில் லயம் (தற்காலிகமாக அடங்குவது), நாசம் (அடியோடு அழிவது) என்று இரண்டு வகை உண்டு, லயித்த மனம் மறுபடி எழும் என்பது அவர் கணக்கு. அதற்கு அவர் சொல்லும் கதையும் உண்டு. கங்கைக் கரையில் ஒரு யோகி நிஷ்டை கலைந்து சீடனிடம் தண்ணீர் கேட்டார். சீடன் கொண்டுவருவதற்குள் மறுபடி ஆழ்ந்துவிட்டார். பல நூறு வருஷம் ஓடிப்போனது. கண் விழித்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "தண்ணீர் எங்கே?" அத்தனை காலம் உள்ளே இருந்தும் அந்தத் தாகம் விட்ட இடத்தில் அப்படியே காத்திருந்திருக்கிறது.

தத்துவம் என்று வந்தால் இந்த மூன்று பேரும் ஒத்துப்போகமாட்டார்கள். ஆனால் வழியில் இனிமை வந்தால் அங்கேயே தங்கிவிடாதே என்பதில் மூவருக்கும் சண்டையில்லை.

சரி, அப்படியானால் முன்னேற்றத்தை எப்படித்தான் தெரிந்துகொள்வது? உட்கார்ந்த அரை மணி நேரத்துக்கு மார்க் போடுவதை நிறுத்துங்கள். 'இன்று நன்றாக இருந்தது', 'இன்று சரியில்லை' என்று டைரியில் எழுதுபவர்கள், அதை விட்டுவிட்டு உட்கார்ந்த நேரத்தை மட்டும் குறித்தால் போதும். பார்க்க வேண்டிய இடம் வேறு. கேஸ் சிலிண்டர் சொன்ன நாளில் வரவில்லை என்றால் அதை எத்தனை மணி நேரம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்? மேலதிகாரி காலையில் சொன்ன சொல் சாயங்காலம் வீட்டுக்கு உங்களோடு வந்துவிடுகிறதா, ஆபீஸிலேயே நின்றுவிடுகிறதா? இது உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். வேண்டுமானால் அவர்களைக் கேளுங்கள், பதில் கொஞ்சம் காரமாக இருந்தாலும்.

கிறுகிறுப்பைத் தெய்வீக அனுபவம் என்று நம்புவது

அனுபவத்தைத் தேடுபவர்களுக்கு மிகச் சுலபமாகக் கிடைப்பது வேகமான மூச்சுப் பயிற்சி. கபாலபாதி, பஸ்திரிகா இரண்டையும் வேகம் கூட்டி, நிறுத்தாமல் செய்தால் சில நிமிடங்களில் உதட்டைச் சுற்றிக் குறுகுறுக்கும், விரல் நுனி மதமதக்கும், தலை லேசாகி மிதப்பதுபோல் இருக்கும். உள்ளே உறங்குவதாகச் சொல்லப்படும் குண்டலினி சக்தி எழும்பிவிட்டது என்று சிலர் கண் கலங்கிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். உடம்பின் தேவைக்கு மேல் மூச்சை இழுத்து விட்டதில் ரத்தத்திலிருந்த கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிட்டது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், அதனால் கிறுகிறுப்பு. ரத்தத்தின் அமிலத்தன்மை குறைவதால் நரம்புகள் எளிதில் தூண்டப்படும், அதனால் குறுகுறுப்பு. திடீர்ப் பதற்றத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குபவருக்கும் இதே அறிகுறிகள்தான் வரும். அதனால்தான் பதற்றக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சி சில சமயம் பதற்றத்தையே கிளப்பிவிடுகிறது. உயர் ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, ஹெர்னியா உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், வயிற்றில் சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் இதன் பக்கம் போக வேண்டாம். மற்றவர்கள் நேரில் ஒருவரிடம் கற்றுக்கொண்டு அளவாகச் செய்யலாம், அதில் தவறில்லை. செய்துவிட்டு வரும் மயக்கத்துக்குப் பெயர் சூட்டாமல் இருந்தால் சரி.

பலன் தரும் மூச்சுப் பயிற்சி பார்க்கச் சப்பென்று இருக்கும். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக மூச்சு விட்டுப் பாருங்கள். உள்ளே இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், வெளியே விடும்போது மெதுவாகும். பலருக்கு விரலுக்கே இது தெரியும். உடம்பைத் தணிக்கும் நரம்பு மண்டலம் வெளிமூச்சில் கூடுதலாக வேலை செய்வதுதான் காரணம். ஆகவே நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம் போதும். மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகத்தை வீடியோ பார்த்து ஆரம்பிக்க வேண்டாம்.

இதே ரகத்தில் இன்னொன்று, நெற்றிப்பொட்டு. வேதாத்திரி மகரிஷியின் யோக முறையான மனவளக்கலையில், புருவ மத்தியில் கவனம் வைக்கும் ஆக்கினைத் தவம் கற்றவர்களுக்குப் புருவ மத்தியில் ஓர் அழுத்தம், துடிப்பு தெரியும். அவர் வகுத்த முறையில் அதோடு சாந்தித் தவமும் சொல்லித்தரப்படுகிறது. மேலே ஏறிய ஆற்றலைக் கீழே இறக்கிச் சமன் செய்ய அது. ஆனால் நெற்றியில் கிடைக்கும் உணர்வு ருசியாக இருப்பதால், வீட்டில் அதை மட்டும் நீளமாகச் செய்துவிட்டுச் சாந்தியை விட்டுவிடுபவர்கள் உண்டு. அப்புறம் தலை கனக்கிறது, தூக்கம் வரவில்லை என்ற புகார். எந்த முறையாக இருந்தாலும், பிடித்த பாதியை வைத்துக்கொண்டு பிடிக்காத பாதியைக் கழித்துவிடாதீர்கள்.

முட்டியோடு மல்லுக்கட்டுவது

யோக சூத்திரத்தில் கிட்டத்தட்ட 195 சூத்திரங்கள் இருக்கின்றன. ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றே மூன்று. அதிலும் கேட்பது, இருக்கை நிலையாகவும் சுகமாகவும் இருக்கட்டும் என்பதுதான். நாமோ சம்மணம் போட்டு, முட்டி வலிக்க வலிக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, அதற்குத் தவம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

உட்காரும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். முட்டி இடுப்பைவிட உயரத்தில் நின்றால் இடுப்பெலும்பு பின்பக்கம் சாயும், முதுகு கூன் போடும், அதை நிமிர்த்திப் பிடிப்பதிலேயே சக்தி போய்விடும். ஒரு போர்வையை நாலாக மடித்துப் பிட்டத்துக்கு அடியில் வையுங்கள், போதாவிட்டால் தலையணையை வையுங்கள். முட்டி இறங்கியதும் முதுகு தானாக நிமிரும். அதுவும் முடியாதவர்கள் நாற்காலியில் பாதம் தரையில் படும்படி உட்காரலாம். தரையில் உட்கார்ந்தால்தான் தியானம் என்று எங்கும் சட்டமில்லை.

முட்டியை மடக்கிக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனத்தில் நேரம் போவது தெரியாமல் உட்காருவது வேறு விதமான ஆபத்து. முழங்காலின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு நசுங்கி, பாதத்தைத் தூக்க முடியாமல் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. கால் மரத்துப்போனால் மாற்றி உட்காருங்கள், மரத்த காலோடு சட்டென்று எழுந்து நடக்காதீர்கள். கண்ணில் நீர் அழுத்த நோய் இருப்பவர்கள் தலைகீழாக நிற்கும் ஆசனங்களை விட்டுவிடுவது நல்லது, கண்ணுக்குள் அழுத்தம் கூடும்.

இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் வேகமான, வியர்க்க வைக்கும் யோகாவின் வேரைத் தேடினால் கிருஷ்ணமாச்சாரியாரிடம் (1888–1989) போய் நிற்கும். 1930களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் அவர் அதைச் சொல்லிக்கொடுத்தது சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும். பின்னாளில் சென்னைக்கு வந்த பிறகு வயது, உடல்நிலை, வேலை எல்லாவற்றையும் பார்த்து ஆளுக்கொரு முறையாக, மூச்சை முன்னிறுத்திக் கற்பித்தார். ஐம்பது வயதில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை பார்ப்பவர் பதினைந்து வயதுப் பையனுக்கு வகுத்த பயிற்சியை யூடியூபில் பார்த்துச் செய்துவிட்டு, யோகா எனக்கு ஒத்துவரவில்லை என்று சொன்னால் என்ன செய்வது?

எண்ணமே வரக்கூடாது என்று உட்காருவது

2010இல் ஹார்வர்டைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள், 2,250 பேருக்குக் கைபேசிச் செயலி வழியாக நினைத்த நேரத்தில் கேள்வி அனுப்பி, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில்தான் இருக்கிறதா என்று கேட்டார்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 47 சதவீதம் மனம் வேறெங்கோ இருந்தது. அலைந்துகொண்டிருந்த நேரத்தில் மகிழ்ச்சியும் குறைவாக இருந்தது. இனிமையான விஷயத்தை நினைத்துக்கொண்டிருந்தவர்களும், செய்கிற வேலையில் மனம் வைத்தவர்களைவிடக் கூடுதல் மகிழ்ச்சியோடு இல்லை.

ஆகவே உங்கள் மனம் அலைகிறது என்றால் எல்லோருக்கும் இருக்கும் மனம்தான் உங்களுக்கும் இருக்கிறது. அலைவதை அடக்க முயல்வதும், அலைந்ததற்காக உங்களையே திட்டிக்கொள்வதும்தான் தவறு. மூச்சைக் கவனிக்க ஆரம்பிக்கிறீர்கள். நாலாவது மூச்சில் பால் பாக்கெட் வாங்கினோமா என்று தோன்றும். அதிலிருந்து கடைக்காரர், அவர் மகன், அவன் படிக்கும் காலேஜ், நம் பையனின் ஃபீஸ், அதற்கு வாங்க வேண்டிய கடன், கடன் தர மறுத்த மைத்துனர். மைத்துனரோடு மனசுக்குள் வாக்குவாதம் சூடு பிடிக்கும்போது திடீரென்று, அட, தியானத்தில் அல்லவா இருக்கிறோம் என்று உறைக்கும். நிறையப் பேர் அந்த இடத்தில்தான் தோற்றுவிட்டதாக நினைக்கிறார்கள். உண்மையில் அந்தப் பத்து நிமிடத்தில் பயிற்சி நடந்தது அந்த ஒரு நொடியில்தான். அதை வளர்க்கத்தான் உட்காருகிறோம். வாக்குவாதத்தில் யார் ஜெயித்தார்கள் என்று பார்க்காமல் மூச்சுக்குத் திரும்பினால் போதும்.

நம் ஊரில் 'நான் யார்?' என்ற விசாரத்தைக் கையில் எடுப்பவர்கள் அதிகம். அங்கேயும் ஒரு வழக்கமான கோளாறு. 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு ரமணர் பேசாமல் எழுதிக்காட்டிய பதில்கள்தான் அந்தப் பெயரில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. எண்ணம் எழுந்தால் இது யாருக்கு எழுந்தது என்று பார், எனக்கு என்று வரும், அந்த நான் எங்கிருந்து எழுகிறது என்று கவனத்தைத் திருப்பு என்பது அதன் முறை. இதை 'நான் யார், நான் யார்' என்று ஜபம்போல உருட்டுபவர்கள் ஏராளம். ஜபம் நல்லதுதான், ஆனால் இது ஜபம் இல்லை. நான் ஆன்மா, நான் பிரம்மம் என்று தயாராக ஒரு பதிலை வைத்துக்கொண்டு கேட்பதும் வீண். அது பரீட்சைக்கு மனப்பாடம் செய்வதில் சேரும்.

பாயைச் சுருட்டியதும் எல்லாவற்றையும் சுருட்டி வைப்பது

ஆழமான மகிழ்ச்சி கிடைக்காததற்கு நான் பார்த்தவரை இன்னொரு முக்கியமான காரணம் இங்கே இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் பயிற்சி, எட்டு மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்ததும் வயிற்றெரிச்சல். இதை எந்த ஆசனமும் சரி செய்யாது.

பதஞ்சலி மனத்தெளிவுக்குச் சொல்லும் வழிகளில் முதலில் வருவது மூச்சும் இல்லை, தியானமும் இல்லை. மற்றவர்களிடம் எப்படி இருப்பது என்பதைத்தான் அவர் முதலில் வைக்கிறார். சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்லது செய்பவரைப் பார்த்து மகிழ்ச்சி, தீயது செய்பவரிடம் ஒட்டாமை. பௌத்தத்திலும் இதே நான்கு உண்டு. இதில் கருணை நமக்கு ஓரளவு வந்துவிடும். கஷ்டப்படுபவருக்கு இரங்குவது சுலபம், அதில் நாம் ஒரு படி மேலே நிற்கிறோம். முதலாவதும் மூன்றாவதும்தான் கஷ்டம்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மெடிக்கல் சீட் கிடைத்துவிட்டது என்று இனிப்போடு வருகிறார்கள். "ரொம்ப சந்தோஷம்" என்று வாய் சொல்கிறது. அதே நேரத்தில் தொப்புளுக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே சின்னதாக ஒரு முடிச்சு விழுகிறது. பிறகு, கவர்ன்மென்ட் சீட்டா, மேனேஜ்மென்ட் சீட்டா என்று ஒரு கேள்வி வருகிறது பாருங்கள், அந்த முடிச்சிலிருந்துதான் வருகிறது. தியானத்தில் மூச்சைக் கவனித்துப் பழகிய கவனத்தை இங்கே கொண்டுவர வேண்டும். முடிச்சை மறைக்கவும் வேண்டாம், அதற்காக வெட்கப்படவும் வேண்டாம். விழுந்தது என்று பார்த்துவிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்காமல், எப்படிப் படித்தாள், எந்த ஊர்க் கல்லூரி, எப்போது கிளம்புகிறாள் என்று இன்னும் கொஞ்ச நேரம் பேசுங்கள். பாதியில் முடிச்சு தளர்வது தெரியும். அடுத்தவர் சந்தோஷத்தில் ஒரு பங்கு நமக்கும் வந்து சேரும். நம் வாழ்க்கையில் நல்ல சேதி எப்போதாவதுதான் வரும், தெரிந்தவர்கள் எல்லோருடைய வாழ்க்கையையும் சேர்த்தால் அநேகமாகத் தினமும் ஒன்று வரும். கணக்குப்படி பார்த்தாலும் இது லாபம்.

மனவளக்கலையில் தவத்தோடு தற்சோதனையைச் சேர்த்தே கற்பிப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். யார் யார்மேல் கோபம், ஏன், என்ன செய்யலாம் என்று பட்டியல் போட வேண்டும். பலருக்குத் தவம் பிடிக்கும், இந்தப் பட்டியல் பிடிக்காது.

சில்லறைத் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாரம் முழுக்க விடுவதைவிடத் தினமும் பதினைந்து நிமிடம் மேல். சாப்பிட்ட உடனே ஆசனம் வேண்டாம், மூன்று நாலு மணி நேரம் போகட்டும். கைபேசியில் டைமர் வைப்பவர்கள் அதை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு உட்காருங்கள். மாதத்துக்கு ஒரு முறையை மாற்றாதீர்கள். புது முறை முதல் வாரம் இனிக்கும், பழகியதும் இனிப்பு போய்விடும், உண்மையான வேலை அப்போதுதான் ஆரம்பிக்கும். நோய், சோம்பல், சந்தேகம், பிடித்த நிலை நழுவிப்போவது என்று ஒன்பது தடைகளைப் பதஞ்சலியே எழுதி வைத்திருக்கிறார். இது உங்களுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை.

துக்கத்தைத் தியானத்தால் மூடுவது

கடைசியாகச் சொன்னாலும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் ஒரு சாவு நடந்து மாதம்கூட ஆகாதவரிடம், "எல்லாம் மாயை, சாட்சியா இருந்து பாருங்க" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அழ வேண்டியதை அழாமல் தியானத்துக்குள் ஒளித்துவைத்தால், அது பிறகு உடம்பு வலியாகவோ யாரையும் பிடிக்காத வறட்சியாகவோ வெளிவரலாம். சாட்சியாகப் பார்ப்பது என்றால் அழுகை வரும்போது அழுகையையும் பார்ப்பதுதான்.

மன அழுத்த நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் யோகா ஆரம்பித்ததும் தாமாக அதை நிறுத்தக்கூடாது. சில மருந்துகளைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு என்று வேறு தொல்லைகள் வரும், நோயும் திரும்பலாம். குறைப்பதாக இருந்தால் டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான். மருந்தை விடச் சொல்லும் ஆசிரியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

கோயங்கா வழி விபஸ்ஸனா மாதிரியான பத்து நாள் முகாமில் தினமும் பத்து மணி நேரத்துக்குப் பக்கமாக உட்கார வேண்டும், பேச்சு கிடையாது, கைபேசி கிடையாது. ஆனந்தத்தில் திளைக்கலாம் என்று போகிறவர்களுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் கிடைப்பது பெரும்பாலும் கால்வலியும் பழைய நினைவுகளும்தான். பழக்கமே இல்லாமல் நேராக அங்கே போவதைவிட, சில மாதம் வீட்டில் உட்கார்ந்து பழகிவிட்டுப் போகலாம். விண்ணப்பத்தில் மனநலம் பற்றிக் கேட்கும் கேள்வியை இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று மறைக்காதீர்கள். கடுமையான மனச்சோர்வோ மனச்சிதைவோ இருந்தவர்களுக்கு நீண்ட மௌனம் நிலைமையை மோசமாக்கக்கூடும். அவர்களுக்குக் காலையில் நடை, எளிய ஆசனம், கண்ணைத் திறந்துகொண்டே கவனிக்கும் சிறு பயிற்சிகள் பாதுகாப்பு, அதையும் சிகிச்சை தருபவரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். தியானத்தில் உட்கார்ந்தால் பயம் கூடுகிறது, நாள்கணக்கில் தூக்கம் இல்லை, உலகமே நிஜமில்லாததுபோல் இருக்கிறது என்றால் 'தாண்டிப்போக வேண்டிய கட்டம்' என்று யார் சொன்னாலும் கேட்காமல் அன்றைக்கே பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.